பொருள் எண் நான்கு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்கிறது அரசாணை.
ஐந்தாம் மாதம் கூடினோம்.
கூடினோம் என்றா சொன்னேன்? கூடினார்கள்.
நான் குறிப்பெடுப்பவள்.
மின்விசிறிக்கு நேர் கீழே
தாள் பறக்காமல்
பஞ்ச் மெஷினைப் பாரம் வைத்திருந்தேன்.

காரைக்குடி,
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
லாட்ஜாக இருந்த கட்டடம்
இப்போது வீடற்றோர் ஆதரவு இல்லம்.
பதினான்கு அறை.
இரண்டு கோட் வெள்ளையடித்த பிறகும்
படியேறும் சுவரில் தெரிகிறது:
அறையைக் காலி செய்யும் நேரம் காலை 9 மணி.

பொருள் ஒன்று, முந்தைய குறிப்பு. ஏற்கப்பட்டது.
பொருள் இரண்டு, மோட்டார் காயில். மூன்று கொட்டேஷன் வேண்டும்.
பொருள் மூன்று,
பள்ளத்தூரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை
இரண்டாவது இல்லமாக வாடகைக்கு எடுப்பது.
பங்காளிகள் பதினேழு பேர்.
பதினோரு கையெழுத்து வந்துவிட்டது.
பினாங்கிலிருந்து ஐந்து வரவேண்டும்.
மீதி ஒருவருக்கு
முகவரி இல்லை.
யாரும் சிரிக்கவில்லை. நானும் அப்படியே எழுதினேன்.

பொருள் நான்கு.
அறை எண் ஏழு. பெயர் செகுட்டையன்.
சென்ற மாதம் பதினான்கு இரவு
வருகைப் பதிவேட்டில் இல்லை.
"காத்திருப்போர் முப்பத்தொரு பேர்" என்றார் ரோட்டரி பொருளாளர்.
"மாத்திரை ஒழுங்காக எடுக்கிறார்" என்றார் டாக்டர்,
அது யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்.
இன்ஸ்பெக்டருக்குப் பதில் வந்த ஏட்டு
போனை மேசைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒதுக்கீட்டை ரத்து செய்யலாமா?
'செய்யலாம்' வரைக்கும்தான் குழுவுக்கு அதிகாரம்,
'செய்' என்பது ஆணையருடையது.

கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில்
தங்குவோர் பிரதிநிதி வள்ளிமயில்.
மூன்று கூட்டமாக வருகிறாள்,
இதுவரை கையெழுத்துக்கு மட்டும் எழுந்தவள்.
"சார், அவரு எங்கயும் போகல.
எடத்தப் பாக்கப் போறாரு."
எந்த இடம்?
"பஸ் ஸ்டாண்டுல, டயம் போர்டுக்குக் கீழ.
இருபத்திரண்டு வருசம் படுத்த எடம்.
நாலு நாள் படுக்கலேன்னா
வேற ஆளு சாக்க விரிச்சிரும்.
ரூமு இல்லேன்னு நீங்க சொல்லிட்டா
அவரு அப்பறம் எங்க போவாரு?"

"யாரும்மா அப்படிச் சொல்லப் போறது?"

"அதத்தான சார்
இப்பப் பேசிக்கிட்டிருக்கீக."

டீ வந்தது.
யாரும் எடுக்கவில்லை என்று எழுதினால் பொய்.
எல்லோரும் எடுத்தோம்.
பிஸ்கட் கூடத் தீர்ந்தது.

எனக்கு எண்பத்தொன்பது நாள் பணி,
ஒரு நாள் இடைவெளி,
மறுபடி எண்பத்தொன்பது நாள்.
அந்த ஒரு நாளுக்கு
என் நாற்காலி முதுகில்
துப்பட்டாவைப் போட்டுவிட்டுத்தான் போவேன்.
ஏனென்று எனக்கே
அன்றைக்குத்தான் தெரிந்தது.

'அறை எண் ஏழின் ஒதுக்கீட்டைத் தொடரலாம் எனக்
குழு பரிந்துரைக்கிறது.'
அடித்து, பிரிண்ட் எடுத்து,
முற்றுப்புள்ளியை இரண்டு முறை பார்த்துக்
கையெழுத்துக்கு வைத்தேன்.
தலைவர் நல்லவர். மறுக்கவில்லை.
தொடரலாம் என்பதற்கு முன்னால்
ஒரு கூரை போட்டு
பச்சை மையில் செருகினார்:
'அடுத்த கூட்டம் வரை'.

இரவு ஒன்பது பத்துக்கு
தேவகோட்டை பஸ்ஸுக்கு நின்றேன்.
டயம் போர்டுக்குக் கீழே
மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்,
படுக்கவில்லை.
அரைஞாண் கயிற்றில் அறைச் சாவி,
இரும்பு வளையத்தில் 7 என்ற பித்தளை வில்லை,
லாட்ஜ் காலத்தது.

"என்னம்மா எழுதுனீக?"
"தொடரலாம்னு எழுதியிருக்குய்யா."
"எது வரைக்கும்?"

பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோலத்
திரும்பிக்கொண்டேன்.
பின்னால்
சாக்கை உதறும் சத்தம்.